வன்னிக்குக் காலநிலை நிதித் தொண்டராக வருகிறவர்களுக்கு

2018 டிசம்பரில் இலங்கையின் வடக்கே வன்னியில் இரணைமடுக் குளம் நிரம்பி வான் (மிகை நீர் வழியும் கலிங்கு) பாய்ந்து கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் கிடந்தபோது வெளிநாட்டில் இருக்கும் எங்கள் பிள்ளைகள் காசு அனுப்பினார்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோதும் அனுப்பினார்கள். அவர்களில் சிலர் இன்னொன்றும் கேட்டார்கள். "நான் வங்கியில் வேலை செய்கிறேன். என் மனைவி கணக்காளர். ஒரு வருடம் லீவு எடுத்து வந்து நின்று ஏதாவது செய்யலாமா? காலநிலை நிதி, காலநிலை நிதி என்று உலகம் முழுக்கப் பேசுகிறார்களே, அதில் கொஞ்சமாவது வன்னிக்கு வராதா?"

வரும். காலநிலை மாற்றத்தைச் சமாளிக்க நாடுகளுக்குத் தரும் காசுதான் காலநிலை நிதி. ஆனால் அதைக் கொண்டுவர ஆள் வேண்டும். குளத்துக்கு என்ன தேவை என்று தெரிந்தவர்களுக்கு வன்னியில் குறைவில்லை. உலகத்தில் காசும் ஓரளவு இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் கிடக்கும் எழுத்து வேலையையும் கணக்கு வேலையையும் இழுத்துச் செய்யத்தான் ஆள் போதாது. வருகிறவர் அந்த நடு இடத்தில் உட்கார வேண்டும். திரும்பிப் போகும்போது அந்த இடத்தில் இங்குள்ள ஒருவரை உட்கார்த்திவிட்டுப் போக வேண்டும். கமக்காரர் (விவசாயிகள்) அமைப்புகளோடு வேலை செய்யும் அனுபவத்தில், புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

எந்தக் காசு, எந்த வாசல்

2009இல் கோபன்ஹேகன் காலநிலை மாநாட்டில் பணக்கார நாடுகள் ஆண்டுக்கு 100 பில்லியன் டொலர் திரட்டுவதாகச் சொன்னன. 2024இல் பாக்குவில் கூடியபோது 2035க்குள் ஆண்டுக்கு 300 பில்லியன் என்று புதிய இலக்கு வைத்தார்கள். இந்தத் தொகைகளைக் கேட்டுவிட்டு வருகிறவருக்கு முதலில் சொல்ல வேண்டியது: இதில் பெரும்பகுதி கடன். மிச்சமும் ஒரே இடத்தில் இல்லை. ஒவ்வொரு நிதியத்துக்கும் வெவ்வேறு வாசல், வெவ்வேறு படிவம், வெவ்வேறு அளவு.

எல்லாரும் முதலில் சொல்லும் பெயர் பசுமைக் காலநிலை நிதியம். அதன் தலைமையகம் தென்கொரியாவின் சொங்டோவில் இருக்கிறது. அங்கே 10 மில்லியன் டொலர் வரையிலான திட்டத்துக்குத்தான் மிகச் சிறிய வகை என்று பெயர். ஒரு கிராமத்துக் கமக்காரர் அமைப்பு அதற்கு நேரே விண்ணப்பிக்க வழியே இல்லை. நிதியம் அங்கீகரித்த ஒரு நிறுவனத்தின் ஊடாகத்தான் போக வேண்டும். அதோடு நாட்டின் சார்பில் சுற்றாடல் அமைச்சு ஆட்சேபனை இல்லை என்று கடிதம் தர வேண்டும். கருத்துருவில் தொடங்கி ஆளுகைச் சபை ஒப்புதல் வரைக்கும் போக வருடங்கள் ஆகும். ஆறு மாதத் தொண்டர் ஒருவர் இதைத் தனியே முடித்துத் தருவார் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

ஆனாலும் இந்த நிதியத்தைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும். ஏனென்றால் அதன் காசு ஏற்கெனவே வன்னிக்குள் வந்திருக்கிறது. 2016இல் உலர்வலயச் சிறு விவசாயிகளின் நீர் முகாமைத்துவத்துக்காக ஏறத்தாழ 38 மில்லியன் டொலர் மானியத்தை அது இலங்கைக்கு ஒதுக்கியது. ஐ.நா. அபிவிருத்தித் திட்டத்தின் ஊடாக நடந்த அந்த வேலையில் வவுனியா, மன்னார் மாவட்டங்களும் சேர்ந்திருந்தன. கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் வேறு வழி. 2019இல் உலக வங்கி 125 மில்லியன் டொலருக்கு ஒப்புதல் கொடுத்த காலநிலைக்கு ஏற்ற நீர்ப்பாசன விவசாயத் திட்டம் அங்கே வந்தது. இது மானியம் இல்லை, நாடு திருப்பிக் கட்ட வேண்டிய கடன். வந்ததும் இந்த இரண்டின் பழைய அறிக்கைகளையும் தேடி வாசியுங்கள். எந்தக் குளத்தில் என்ன செய்தார்கள், எதைச் செய்யாமல் விட்டார்கள் என்பது அதில் இருக்கும். செய்த வேலையையே திரும்ப எழுதிக் கொடுத்தால் முதல் மேசையிலேயே நிராகரிப்பார்கள்.

கிராம அளவுக்குப் பொருத்தமான வாசல், பூகோள சுற்றாடல் வசதி (GEF) என்ற சர்வதேச நிதியத்தின் சிறு மானியத் திட்டம். இலங்கையில் 1990களில் இருந்தே நடக்கிறது. மானியங்கள் பெரும்பாலும் 50,000 டொலருக்கு உள்ளேதான். பதிவு செய்த ஒரு சமூக அமைப்பு நேரே விண்ணப்பிக்கலாம், மக்கள் தரும் உழைப்பையும் பங்களிப்பாகக் கணக்குக் காட்டலாம். புதிதாக வருகிறவர் இங்கேதான் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். தொகை சிறிது, ஆனால் முழுச் சுற்றையும் ஒரு முறை பார்த்துவிடலாம்: விண்ணப்பம், ஒப்பந்தம், கொள்முதல், அறிக்கை, கணக்காய்வு. அந்தச் சுற்றை ஒழுங்காக முடித்த அமைப்பின் பெயரைப் பெரிய நிறுவனங்கள் பிறகு தாங்களாகவே தேடிவரும்.

இழப்பு, சேத நிதியத்தைப் பற்றிக் கிராமத்தில் கட்டாயம் கேட்பார்கள். 2022இல் எகிப்தில் உடன்பட்டு, 2023இல் துபாயில் தொடங்கிவைத்த நிதியம் அது. "எங்கள் நெல் அழிந்ததற்கு அவர்கள் நட்டஈடு தருவார்களா?" என்று கேட்கும் அம்மாவுக்குத் தெளிவாகப் பதில் சொல்லுங்கள்: அது ஆளாளுக்குக் கையில் கொடுக்கும் காசு இல்லை, நாடுகளின் திட்டங்களுக்குப் போகும் காசு.

வருவதற்கு முன்

வருவதற்குப் பல வழிகள் உண்டு. ஐ.நா. தொண்டர் திட்டத்தின் தலைமையகம் ஜேர்மனியின் பொன் (Bonn) நகரில் இருக்கிறது. சர்வதேச நிபுணர் தொண்டராகப் போக 27 வயதும் சில வருட வேலை அனுபவமும் கேட்பார்கள், மாதாமாதம் வாழ்க்கைச் செலவுப் படி தருவார்கள். பிரித்தானியாவில் வி.எஸ்.ஓ., கனடாவில் கியூசோ, அவுஸ்திரேலியாவில் அந்த அரசின் தொண்டர் திட்டம் ஆகியவையும் ஆட்களை அனுப்புகின்றன. எந்த நாட்டில் எந்த வேலைக்கு இடம் இருக்கிறது என்பது அவ்வப்போது மாறும். இலங்கைக்கு இடம் இல்லாத நேரத்தில் வேறு நாட்டுக்கு இடம் கிடைத்தால் போய்ப் பழகிவிட்டு வாருங்கள், நட்டமில்லை. பொதுநலவாயச் செயலகம் மொரிசியசில் ஒரு காலநிலை நிதி மையம் வைத்து, சிறு நாடுகளின் அமைச்சுகளுக்குள்ளேயே ஆலோசகர்களை உட்கார்த்தி வேலை செய்கிறது. வெளியில் இருந்து அறிக்கை எழுதி அனுப்பாமல், அலுவலகத்துக்குள் இருந்து பக்கத்து மேசைக்காரருக்குப் பழக்கிக்கொடுக்கும் முறை அது. வன்னிக்கும் அதுதான் பொருந்தும்.

இங்குள்ள ஒரு அமைப்பின் அழைப்பில் வருவதாக இருந்தால் இரண்டு விடயங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த அமைப்பு முறையாகப் பதிவு செய்ததா, மாவட்டச் செயலகத்தில் அதன் வேலைத்திட்டத்துக்கு அனுமதி இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். அடுத்தது விசா. சுற்றுலா விசாவில் வந்து வேலை செய்யக் கூடாது. சம்பளம் வாங்காத வேலைக்கும் அதே விதிதான். "ஒருவரும் பார்க்கமாட்டார்கள்" என்று சொல்கிறவர் இருப்பார். பிறகு விசாரணை வந்தால் நீங்கள் விமானம் ஏறிவிடுவீர்கள், பதில் சொல்லிக்கொண்டு இருக்கப்போவது அந்த அமைப்பின் செயலாளர். இரட்டைக் குடியுரிமை உள்ளவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. இருந்தாலும் அவர்களும் கிராம அலுவலருக்குச் சொல்லாமல் கிராமத்தில் கூட்டம் வைக்கக் கூடாது.

எப்போது வருவது? ஆடி கடைசி, ஆவணி. அப்போது குளம் வற்றிக் கிடக்கும். கட்டின் வெடிப்பு, தூர்ந்த இடம், துருசின் (தண்ணீர் திறக்கும் மதகின்) பழுது எல்லாம் கண்ணுக்குத் தெரியும். சிறுபோகம் (கோடை நெல்) வெட்டி முடிகிற நேரம் அது. அப்புறம் காலபோகத்துக்கான (மழைக்கால நெல்லுக்கான) கூட்டங்கள் நடக்கும், ஒக்டோபரில் மழை தொடங்கும், கார்த்திகையிலும் மார்கழியிலும் குளம் நிரம்பி வான் பாயும், தை மாசியில் அறுவடை. ஆவணியில் வந்து மாசி வரை நிற்கிறவர் ஒரு முழுப் போகத்தைப் பார்த்துவிடுவார். ஏப்ரலில் வந்து ஜூனில் போகிறவர் நல்ல மனிதர்களைச் சந்திப்பார், மாம்பழம் சாப்பிடுவார், குளத்தை அறியமாட்டார். ஆறு மாதத்துக்குக் குறைவாகத்தான் நிற்க முடியுமென்றால் வராமலே தூரத்தில் இருந்து கணக்கு வேலையில் உதவலாம், அதுவும் பெரிய உதவிதான்.

தங்க அறை கிளிநொச்சி, வவுனியா நகரங்களில் சுலபமாகக் கிடைக்கும். ஏ9 வீதியில் பஸ் எந்நேரமும் உண்டு. உள்ளே போக மோட்டார் சைக்கிள் வேண்டும். அமைச்சுகளில் இருந்து வரும் கடிதங்கள் பல சிங்களத்தில் இருக்கும், வாசித்துச் சொல்ல ஒருவரை முதலிலேயே பிடித்து வையுங்கள்.

முதல் மாதம் எதையும் எழுதாதீர்கள்

வந்த கையோடு மடிக்கணினியைத் திறந்து விண்ணப்பம் எழுதத் தொடங்கும் ஆசை எல்லாருக்கும் வரும். அடக்கிக்கொள்ளுங்கள். முதல் மாதம் யாருடைய குளம் யார் கையில் இருக்கிறது என்று படிக்கும் மாதம்.

80 ஹெக்டேயருக்கு, அதாவது ஏறக்குறைய 200 ஏக்கருக்குக் குறைவாக வயல் உள்ள சிறுகுளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் கீழ் வரும். அவற்றுக்குக் கமநல சேவை நிலையத்துக்குப் போக வேண்டும். அதற்கு மேற்பட்டவை நீர்ப்பாசனத் திணைக்களங்களின் கீழ். அதிலும் மாகாணத் திணைக்களம் வேறு, மத்திய திணைக்களம் வேறு. இரணைமடு மாகாணத்திடம் இருக்கிறது, மன்னாரின் கட்டுக்கரைக் குளம் மத்தியிடம். தவறான அலுவலகத்தின் கையெழுத்தோடு போன விண்ணப்பம் எவ்வளவு அழகாக எழுதியிருந்தாலும் திரும்பி வரும். கமக்காரர் அமைப்புகள் 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் பதிவாகும். அமைப்பின் பதிவுச் சான்றிதழ், வங்கிக் கணக்கு, கடைசிப் பொதுக்கூட்ட அறிக்கை மூன்றையும் கேட்டுப் பாருங்கள். மூன்றும் இருக்கும் அமைப்போடு வேலை தொடங்கலாம். ஒன்று குறைந்தால் அதைச் சரிசெய்து கொடுப்பதுதான் உங்கள் முதல் தொண்டு.

மாவட்ட விவசாயக் குழுக் கூட்டத்தில் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்க அனுமதி வாங்குங்கள். அரச அதிபர், நீர்ப்பாசனப் பொறியியலாளர், கமக்காரர் பிரதிநிதிகள் எல்லாரும் ஒரே அறையில் இருப்பார்கள். யார் யாரோடு எதற்காகச் சண்டை பிடிக்கிறார்கள் என்பது இரண்டு கூட்டத்தில் விளங்கிவிடும்.

பிறகு குளத்துக்குப் போங்கள். அமைப்பின் தலைவர் கூட்டிக்கொண்டு போய்க் காட்டும் குளம் முழுக் குளம் இல்லை. நான்கு பேரோடு தனித்தனியே நடந்து பாருங்கள். வாய்க்காலின் தலைப்பில் வயல் செய்கிறவர் ஒருவர். கடைசி வயல்காரர் ஒருவர், அவருக்குத் தண்ணீர் வருவது வேறு கதை. நன்னீர் மீன்பிடிச் சங்கத்தில் ஒருவர். மாடு வைத்திருப்பவர் ஒருவர், வற்றிய குளத்தின் அலைகரைதான் (தண்ணீர் இறங்கியதும் வெளிவரும் ஓரம்) கோடையில் அவருடைய மேய்ச்சல் தரை. அணைக்கட்டை இரண்டு அடி உயர்த்தினால் கீழ் வயலுக்கு நல்லது. ஆனால் தண்ணீர் மேலே பரவி, அலைகரையில் தோட்டம் செய்கிறவருடைய நிலத்தை மூடும். அந்தத் தோட்டக்காரர் எந்தக் கூட்டத்துக்கும் வரமாட்டார், பல வேளை அவரிடம் காணிப் பத்திரமும் இருக்காது. தேடிப் போய்க் கேட்க வேண்டியது அவரைத்தான். தனியே குடும்பத்தைப் பார்க்கும் பெண்கள் வன்னியில் ஏராளம், அவர்கள் கமக்காரர் அமைப்பில் குறைவாகவும் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் அதிகமாகவும் இருப்பார்கள். இரண்டு இடத்திலும் உட்காருங்கள். மூத்தவர்களை ஐயா, அம்மா என்று கூப்பிட்டு, தந்த தேநீரைக் குடித்து, குறிப்பேட்டைப் பையில் வைத்துவிட்டுக் கேளுங்கள்.

இதில் காலநிலை எங்கே இருக்கிறது?

நிதியங்கள் கேட்கும் கேள்விகளில் மிகக் கடினமானது இதுதான். குளக்கட்டு உடைந்திருக்கிறது, திருத்தக் காசு வேண்டும் என்றால், அது அரசாங்கம் செய்ய வேண்டிய பராமரிப்பு என்று சொல்லிவிடுவார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. வன்னிக் குளங்கள் பல போர்க்காலத்தில் வருடக்கணக்காகக் கவனிப்பார் இல்லாமல் கிடந்தவை. அந்தப் பழுதைக் காலநிலை மாற்றத்தின் தலையில் போட்டு எழுதினால் அது பொய். ஆய்வாளர் ஒருவர் வந்து பார்த்ததும் தெரிந்துவிடும்.

ஆகவே பிரித்து எழுதுங்கள். இவ்வளவு பழுது கவனிப்பு இல்லாததால் வந்தது, அதற்கு இந்தத் திணைக்களம் இவ்வளவு ஒதுக்குகிறது அல்லது மக்கள் இவ்வளவு உழைப்புத் தருகிறார்கள். மற்றது, மழை மாறியதால் வந்த புதுத் தேவை: ஒரே நாளில் கொட்டும் மழையைத் தாங்க வான் அகலமாக வேண்டும், நீண்ட வறட்சியைக் கடக்கக் குளத்தின் அடியில் கொஞ்சம் தண்ணீர் மிச்சம் நிற்க வேண்டும், மழை பிந்தினால் மாற்ற குறுகிய வயது நெல் விதை வேண்டும். இந்த இரண்டாவது பகுதிக்குத்தான் காலநிலை நிதி.

ஆதாரம் எங்கே எடுப்பது? வளிமண்டலவியல் திணைக்களத்தின் பழைய நிலையங்கள் வவுனியாவிலும் மன்னாரிலும் இருக்கின்றன. இரண்டுக்கும் இடையில் உள்ள கிராமங்களுக்கு நீண்ட பதிவு கிடைப்பது கடினம். போரில் அலுவலகங்கள் இடம்பெயர்ந்தபோது பல பதிவேடுகள் போய்விட்டன. அந்த இடைவெளியை நிரப்ப செய்மதி மழைத் தரவு உதவும். சிர்ப்ஸ் என்ற தரவுத் தொகுப்பு 1981இல் இருந்து இலவசமாகக் கிடைக்கிறது. கணினி தெரிந்த ஒருவருக்கு இரண்டு நாள் வேலை.

அதைவிடப் பெறுமதியான ஆதாரம் ஊரிலேயே இருக்கிறது. ஒவ்வொரு சிறுபோகத்துக்கும் முன் கமக்காரர் கூடி, குளத்தில் இருக்கும் தண்ணீரைப் பார்த்து, இந்த முறை எத்தனை ஏக்கர் செய்வது என்று முடிவெடுக்கிறார்கள். தண்ணீர் குறைந்த வருடத்தில் வயலைப் பங்கு பிரித்துச் செய்கிறார்கள். அந்த முடிவு கூட்டக் குறிப்பேட்டில் எழுதியிருக்கும். பத்து வருடக் குறிப்பேட்டை எடுத்து ஏக்கர் எண்ணிக்கையை வரிசையாக எழுதிப் பாருங்கள். பக்கத்தில் மழை எண்ணைப் போடுங்கள். 2016, 2017 வறட்சியும் 2018 வெள்ளமும் 2020 டிசம்பரில் வந்த புரெவிப் புயலும் அந்த வரிசையில் தெளிவாகத் தெரியும். எனக்குத் தெரிந்த அளவில் ஒரு கிராமம் தன் கையால் எழுதிய காலநிலைப் பதிவு இதுதான். இதைக் கொழும்பில் இருந்து வரும் ஆலோசனை நிறுவனங்கள் திறந்துகூடப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு பக்கத்தையும் கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள், செயலாளரிடமும் ஒரு பிரதி கொடுங்கள்.

ஒரு வருடம் உரத்தால் கெட்டது, இன்னொரு வருடம் மழையால் கெட்டது என்பதையும் பிரிக்க வேண்டும். 2021இல் இரசாயன உரத்தை அரசு தடை செய்தது. அந்தக் காலபோகத்தின் விளைச்சல் குறைவை வறட்சிக் கணக்கில் சேர்த்தால் முழு அட்டவணையும் நம்பிக்கை இழந்துவிடும்.

கணக்குப் போடும் முறை சுலபம். ஒரு கற்பனைக் குளத்தை வைத்துக்கொள்வோம்: 120 ஏக்கர் வயல், தண்ணீர் குறைந்த வருடத்தில் 40 ஏக்கரே சிறுபோகம். வான் திருத்தி, துருசு மாற்றி, தூர் எடுத்தால் அது 70 ஏக்கர் ஆகும் என்று பொறியியலாளர் எழுதித் தருகிறார். கூடும் 30 ஏக்கரின் விளைச்சலை நெல்லின் சராசரி விலையால் பெருக்கி, செலவைக் கழித்து, பத்து வருடத்துக்கு நீட்டினால் முதலீட்டின் பயன் வந்துவிடும். எண்களை நீங்களே ஊகிக்காமல் பொறியியலாளரிடமும் கமநல அலுவலரிடமும் எழுத்தில் வாங்குங்கள்.

சம்மதம்

யாழ்ப்பாணத்துக்குக் குடிநீர் கொடுக்க இரணைமடுவில் இருந்து தண்ணீர் எடுப்பது என்று ஒரு பெரிய திட்டம் 2010இல் ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனோடு வந்தது. காசு இருந்தது, பொறியியல் இருந்தது, யாழ்ப்பாணத்தின் தேவையும் உண்மையான தேவை. ஆனால் சிறுபோகத்துக்கே தண்ணீர் காணாத கிளிநொச்சிக் கமக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. வருடங்கள் இழுபட்டு, கடைசியில் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் கட்டினார்கள், 2024இல் அது திறந்தது. இந்தக் கதையை இங்கே எல்லாரிடமும் கேட்கலாம். ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரிச் சொல்வார்கள். எல்லாரையும் கேளுங்கள்.

மன்னாரையும் பாருங்கள். தம்பபவனி காற்றாலைத் திட்டம் 2020 கடைசியில் 103.5 மெகாவாற்றோடு தொடங்கியது. நாட்டின் கணக்கில் அது சுத்தமான மின்சாரம். தீவுக்குள் இருக்கும் மக்களுக்கு வெள்ளம் வடியும் வழி, மீன்பிடி, பறவைகள் என்று வேறு கவலைகள். மன்னாரிலும் பூநகரியிலும் 484 மெகாவாற்றுக்குத் திட்டம் போட்டிருந்த அதானி நிறுவனம் 2025 பெப்ரவரியில் விலகியது, அதே வருடம் மன்னாரில் காற்றாலைகளுக்கு எதிராக மக்கள் வீதிக்கு இறங்கினார்கள். காலநிலைக்கு நல்லது என்ற ஒரு சொல்லால் ஊர் சம்மதித்துவிடாது.

சம்மதத்தை ஒரே கூட்டத்தில், ஒரே கையெழுத்துத் தாளில் வாங்காதீர்கள். முதல் கூட்டத்தில் சொல்லுங்கள், வீட்டுக்குப் போய் யோசிக்க விடுங்கள், இரண்டாம் முறை போய் எதிர்ப்பைக் கேளுங்கள், எதிர்த்தவரின் பெயர் இல்லாமல் அவருடைய காரணத்தை விண்ணப்பத்திலேயே எழுதுங்கள். எதிர்ப்பே இல்லாத திட்டம் என்று எழுதினால் அனுபவம் உள்ள எந்த மதிப்பீட்டாளரும் நம்பமாட்டார்.

காணி, காடு, கண்ணிவெடி

மரம் நடும் திட்டம் வெளிநாட்டில் இருந்து வருகிறவர்களுக்கு மிகவும் பிடிக்கும். வன்னியில் அதில் கவனம் வேண்டும். இடம்பெயர்ந்து திரும்பி வந்த பலருடைய பழைய காணிகளை வனவளத் திணைக்களமும் வனசீவராசிகள் திணைக்களமும் தங்கள் எல்லைக்குள் அடையாளம் போட்டிருக்கின்றன. வெளியார் கண்ணுக்குக் காடாகத் தெரிவது ஒருவருக்குத் தகப்பன் வெட்டித் திருத்திய காணியாக இருக்கலாம். அங்கே காபன் வரவுக்காக (மரம் உறிஞ்சும் காபனைக் கணக்கிட்டு விற்பதற்காக) மரம் நட்டால், அந்தக் காணி அவருக்குத் திரும்புவதற்கு இருந்த கடைசி வழியையும் நீங்கள் அடைத்ததாக ஆகும். நிலம் சம்பந்தப்பட்ட எந்த வேலைக்கும் முன் பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவில் அனுமதிப்பத்திரமா, உறுதியா, பிணக்கா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

மண் தோண்டும் வேலை என்றால் கிளிநொச்சியில் உள்ள கண்ணிவெடி நடவடிக்கை அலுவலகத்திலும் கேட்க வேண்டும். போர் முடிந்து இத்தனை வருடத்துக்குப் பிறகும் அகற்றும் வேலை நடந்துகொண்டுதான் இருக்கிறது. ஊர்க்காரர் "அங்கே ஒன்றும் இல்லை" என்று சொன்னாலும் கடிதம் வாங்காமல் தோண்டக் கூடாது.

கடனைக் காலநிலை என்று சொல்லி விற்காதீர்கள்

போருக்குப் பிறகு வன்னிக்குள் நுண்கடன் நிறுவனங்கள் வரிசையாக வந்தன. வறட்சியில் விளைச்சல் போன பெண்கள் ஒரு கடனைக் கட்ட இன்னொரு கடன் எடுத்தார்கள். நிலைமை எவ்வளவுக்குப் போனது என்றால், 2018இல் வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட கடன்களை அரசாங்கமே பொறுப்பெடுக்க வேண்டியிருந்தது. இன்று அதே வீடுகளுக்குச் சூரியசக்தி நீரிறைப்பிக்குக் கடன், சொட்டுநீர்ப் பாசனத்துக்குக் கடன் என்று பசுமைப் பெயரில் வரலாம். சில இடத்தில் அந்தக் கடன் நியாயமானதாகவும் இருக்கும், டீசல் செலவு மிச்சப்படும். ஆனால் மழை பொய்த்த வருடத்தில் தவணை என்ன ஆகும் என்று கடன் கொடுப்பவரிடம் எழுத்தில் கேளுங்கள். பதில் இல்லையென்றால் அந்தத் திட்டத்தில் உங்கள் பெயரைப் போடாதீர்கள். குளம், வாய்க்கால், வான் போன்ற பொதுச் சொத்துக்கு மானியம் தேடுங்கள். தனி வீட்டை அடமானம் வைத்துப் பொது ஆபத்தைச் சமாளிக்கச் சொல்வது அநியாயம்.

நாட்காட்டியும் வரவுசெலவும்

குளக்கட்டில் மண் வேலை செய்யக் கிடைக்கும் காலம் ஆடி ஆவணியில் இருந்து புரட்டாதி வரைக்கும்தான். ஒக்டோபர் மழை விழுந்த பிறகு கிரவல் லொறி கட்டில் ஏறாது. ஆகவே காசு நவம்பரில் வந்தால் அந்த வருடம் போய்விட்டது என்று அர்த்தம், அதற்குள் வரும் வெள்ளம் இருக்கும் கட்டையும் கொண்டுபோகலாம். ஒப்பந்தம் எழுதும்போது பின்னால் இருந்து முன்னுக்கு எண்ணுங்கள். ஆடியில் வேலை தொடங்க வேண்டும் என்றால் கேள்விப்பத்திரம் (டெண்டர்) வைகாசியில் போக வேண்டும். கிரவலும் மணலும் எடுக்கப் புவிச்சரிதவியல் பணியகத்தின் அனுமதி வேண்டும், அது தானாக வராது. நிதியத்தின் முதல் தவணை சித்திரைக்குள் வங்கியில் இருக்க வேண்டும். நிதியத்தின் அதிகாரிக்கு இந்தக் கணக்கை ஒரு பக்கப் படமாகப் போட்டுக் காட்டினால் பெரும்பாலும் விளங்கிக்கொள்வார்கள். மழையின் நாட்காட்டி அவர்களுடைய நிதியாண்டுக்குள் அடங்காது என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லியிருக்கமாட்டார்கள்.

ரூபாயின் பெறுமதியையும் மறக்காதீர்கள். 2022 மார்ச்சில் ஏறக்குறைய 200 ரூபாயாக இருந்த டொலர் மே மாதத்தில் 360 ஆனது. சீமெந்தும் டீசலும் கம்பியும் அதோடு ஏறின. விலை ஏற்றத்துக்கென்று ஒரு வரி, கட்டி முடித்த பிறகு பராமரிக்க ஒரு வரி, கூட்டத்துக்கு வரும் பெண்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு வரி இவை மூன்றும் வரவுசெலவில் இருக்கட்டும். கடைசி வரியைப் பார்த்துச் சிலர் சிரிப்பார்கள். அந்த வரி இருந்தால்தான் கூட்டத்துக்கு ஆள் வரும்.

யாருக்குப் பழக்குவது

முதல் வாரத்திலேயே ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். அமைப்பின் தலைவர் வேண்டாம், அவருக்கு நேரம் இருக்காது. கணக்குப் படித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருக்கும் ஒரு பிள்ளை எந்தக் கிராமத்திலும் இருப்பார். அவருக்கு ஒரு சிறு கொடுப்பனவு திட்டத்திலேயே வையுங்கள். முதல் விண்ணப்பத்தை நீங்கள் எழுதுங்கள், அவர் பக்கத்தில் இருக்கட்டும். இரண்டாவதை அவர் எழுதட்டும், நீங்கள் திருத்துங்கள். மூன்றாவதைப் பார்க்காதீர்கள். நிதியத்தோடு பேசும் மின்னஞ்சல் முகவரி உங்கள் சொந்த முகவரியாக இருக்கக் கூடாது, அமைப்பின் பெயரில் ஒன்று திறந்து கடவுச்சொல்லை இருவரும் வைத்திருங்கள். இதைச் செய்யாததால் தொண்டர் போனதும் தொடர்பு அறுந்த திட்டங்களைக் கண்டிருக்கிறேன்.

பற்றுச்சீட்டுகளை மாத வாரியாக ஒட்டி, ஒவ்வொன்றின் பின்னாலும் எந்த வேலைக்கு என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி வையுங்கள். கணக்காய்வுக் கேள்விகள் பெரும்பாலும் நீங்கள் ஊர் திரும்பிப் பல மாதம் கழித்துத்தான் வரும், அதுவும் அறுவடை நேரத்தில். அந்தப் பிள்ளை வட்ஸ்அப்பில் கூப்பிட்டால் உங்கள் ஊரில் நடுச்சாமம் என்றாலும் எடுங்கள்.